சைவ சீட், அசைவ சீட்

இன்று காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கார் கழுவும் கடை ஒன்றைத் தாண்டிப் போனேன். கடைக்காரர் ஒரு காரின் டேஷ்போர்டுக்குப் பளபளப்பு ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை வாசம். ரசத்தில் பிழிகிற எலுமிச்சை இல்லை, டப்பாவில் அடைத்து விற்கிற எலுமிச்சை. நின்ற இடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவரிடம் போய் எதைச் சொல்வது? இந்த வாசத்தை என் கூட்டாளியின் பைக் சீட்டில் முகர்ந்துவிட்டுத்தான் அவள் தம்பியோடு சண்டைக்கு நின்றேன் என்றா?

உன்னிடம் சொல்லலாம். "ஒரு சீட்டுக்காடி இவ்ளோ" என்று நீ சிரிப்பாய். ஆமாம், சீட்டுக்குத்தான். சிரித்துக்கொள்.

நீ போன அன்று எல்லோரும் உன் ஆத்மா சாந்தியடையட்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அலுவலகக் குழுவில் மேலிருந்து கீழ்வரை கைகூப்பிய படங்கள். நான் அனுப்பவில்லை. நீ சாந்தியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒரே காப்புறுதி அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில், தலை நரைக்கிற வரைக்கும் உன்னோடு உட்கார்ந்திருந்தவள் நான். இன்சூரன்ஸ் இழப்பீடு கேட்டு வந்த கிழவரை மூன்றாவது முறையாக அலையவிட்டார்கள் என்று மேலாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நீ போட்ட சத்தம் கீழே சாப்பாட்டுக் கடை வரைக்கும் கேட்டது. உனக்குப் போய்ச் சாந்தியா? அங்கேயும் யாரையாவது உலுக்கிக்கொண்டுதான் இருப்பாய்.

அந்த வண்டி வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேள்.

அப்போதெல்லாம் கிள்ளானிலிருந்து நாம் இருவரும் ரயிலில்தான் வேலைக்குப் போனோம். நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தது போதும், இனிமேல் உட்கார்ந்துதான் போவேன் என்று ஒருநாள் நீ அறிவித்தாய். சின்ன வண்டியாக ஏதாவது வாங்குவாய் என்று நினைத்தேன். மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் ஓட்டுகிற மாதிரி, முன்னால் கூடை வைத்த வண்டி. நீ என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது யாரோ ஆசையாக வைத்திருந்து கைமாற்றிய பழைய க்ரூஸர் பைக். நீண்ட கைப்பிடி, தரையோடு தாழ்ந்த உடம்பு. இரண்டு பேருக்குமாக ஒரே நீள சீட், காபி நிறத்தில் அசல் மாட்டுத் தோல். ஓரமெல்லாம் தடித்த நூல் தையல். "ஏறுடி" என்றாய். நான் ஏறவில்லை.

எங்கள் வீடு சைவம். பொங்கலுக்கு மாடு இல்லாவிட்டாலும் மாட்டின் படத்துக்காவது பொட்டு வைத்துக் கும்பிடுகிற குடும்பம். கும்பிடுகிறதன் தோலின்மேல் உட்கார்ந்துகொண்டு வேலைக்குப் போவதா என்று எனக்கு உடம்பு கூசியது. அதை அப்படியே சொன்னேன். நீ வாதாடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாய். "இது என்ன, பூசணிக்காத் தோலா?" என்றாய். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். நீ கைப்பையைப் பார்த்தாய். அது ரெக்ஸின், கடையிலேயே கேட்டு வாங்கியது என்று நான் சொல்லும்போது என் குரலில் எத்தனை பெருமை இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அன்று நான் ரயிலில் போனேன். நீ தனியாக ஓட்டிக்கொண்டு போனாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் உள்ள குஷன் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய், சீட்டை இரண்டாக வெட்டிப் பின்பாதிக்கு மட்டும் வினைல் போடச் சொன்னாய். அந்தக் கடைச் சீன அங்கிள் நல்ல தோலை யாராவது வெட்டுவார்களா, பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று மலாயில் மன்றாடியிருக்கிறார். என் கூட்டாளி மாடு சாப்பிட மாட்டாள் என்று நீ காரணம் சொன்னாய். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவள் இதைச் சாப்பிடப் போவதில்லையே, உட்காரத்தானே போகிறாள் என்று கேட்டாராம். திங்கட்கிழமை காலை இதை எனக்குச் சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிக்க முடியாமல் நீ என் தோளில் சாய்ந்து சிரித்தாய். உனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனாலும் அந்த அங்கிள் வேலையில் குறை வைக்கவில்லை. நிறத்தைக் கிட்டத்தட்டப் பொருத்தியிருந்தார். தையல் ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் ஸ்பாஞ்சுக்குள் இறங்கக் கூடாது என்று உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளும் விரித்திருந்தார். நிழலில் பார்த்தால் ஒரே சீட். வெயிலில் பார்த்தால் முன்பாதி மங்கலாகவும் பின்பாதி பளிச்சென்றும் இருந்தன. முன்னது அசைவ சீட், பின்னது சைவ சீட் என்று நீ பெயர் வைத்தாய். நான் விடுப்பு எடுக்கிற நாளில் அலுவலகத்தில் யாராவது உன்னிடம் வந்து, இன்றைக்குச் சைவ சீட் காலியா என்று கேட்பார்கள்.

நீ என்னிடம் உன் கொள்கைதான் சரி என்றும் சொல்லவில்லை, என் கொள்கைதான் சரி என்றும் சொல்லவில்லை. சீட்டை வெட்டினாய். எனக்காக யாரும் எதையும் அதுவரை வெட்டியதில்லை.

அந்த சீட்டை நீ பார்த்துக்கொண்ட விதம்தான் விதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாய். நான் இட்லியோ இடியாப்பமோ கட்டிக்கொண்டு வருவேன். "தோலுக்குச் சாப்பாடு போடணும், வினைலைக் குளிப்பாட்டணும். மாத்திச் செஞ்சா ரெண்டும் கெட்டுடும்" என்று நீ சொல்லாத வாரம் கிடையாது. என் பாதிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு, தையல் இடுக்குக்குப் பழைய பல்துலக்கி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணி. அத்தோடு சரி. எண்ணெயும் கிரீமும் அதன் பக்கம் வரக் கூடாது. உன் பாதிக்குப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, நிழலில் காய்கிற வரை பொறுமை, அப்புறம் கிரீம். அதையும் கொட்டித் தேய்க்க மாட்டாய். விரல் நுனியில் எடுத்து, சுற்றிச் சுற்றித் தடவி, தேத்தாரே டீ ஒரு கிளாஸ் குடித்து முடிக்கிற நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுப்பாய். அவ்வளவு பதமாக நீ உன் தலைக்குக்கூட எண்ணெய் வைத்ததில்லை.

பூனைகளோடு உனக்கு இருந்த பகையும் அதே சீட்டால் வந்ததுதான். பிரிக்பீல்ட்ஸில் நாம் வண்டி நிறுத்துகிற சந்தில் சாப்பாட்டுக் கடைப் பூனைகள் எத்தனை பைக் நின்றாலும் உன் பைக்கைத் தேடி வரும். அதிலும் முன்பாதியில்தான் படுக்கும். வினைல் வெயிலில் சுடும், பூனைக்குத் தெரியாதா? நகத்தால் ஒரு கீறல் விழுந்தது. அன்றிலிருந்து உன் பழைய கைலி ஒன்று சீட்டின்மேல் ஏறியது. பூனைக்கு யாரும் விரதம் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுதான் அசைவ சீட்டிலேயே படுக்கிறது என்று நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்.

பெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கினோம். எல்லோரும் ஆண்கள். மழையங்கி மாட்டுகிறவர்களும் சிகரெட் பிடிக்கிறவர்களுமாக வரிசையாக நின்றார்கள். நீ தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, முதலில் பெட்டியிலிருந்து துண்டை எடுத்துத் தோலை ஒற்றினாய். தேய்க்காமல் ஒற்ற வேண்டும், பிறகு காற்றில் விட வேண்டும், வெயிலையும் ஹேர் டிரையரையும் காட்டவே கூடாது என்று எனக்குப் பாடம் வேறு. நானும் கைக்குட்டையை எடுத்து என் பாதியைத் துடைக்கப் போனேன். அதற்குக் குளியல் நல்லதுதான், விடு என்றாய்.

நம்மையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், நம் ஆள்தான், கொஞ்சம் நக்கலாக, "ஏன்க்கா, இவ்ளோ பெரிய மோட்டாரு உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். மற்றவர்கள் திரும்பினார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. நான் எப்போதும் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் நல்ல பதிலாக யோசிப்பேன். நீ துண்டைப் பிழிந்துகொண்டே, "உக்காரத்தான் அண்ணே" என்றாய். அவ்வளவுதான். அந்த மனிதர் மழை விடுகிற வரைக்கும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் நீ அப்படியேதான் இருந்தாய், எனக்குத்தான் முடியவில்லை. முடி கொட்டிப்போன முதல் வாரம் ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் சரியாக உட்காருகிறது என்றாய். உன் தம்பி எழுந்து அறைக்குள் போய்விட்டான். உடம்பில் வண்டியைத் தாங்குகிற தெம்பு போன பின்னும் ஞாயிற்றுக்கிழமையை நீ விடவில்லை. ஒரு வாரம் விரல் நடுங்கியது. கிரீம் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாய். நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உன் பாதிக்குத் தடவினேன். தோலைத் துணிதான் தொட்டது, நான் தொடவில்லை என்று மனசுக்குள் ஒரு சமாதானம். நீ பார்த்தாய். வாயை மூடிக்கொண்டு சிரித்தாய்.

அன்றுதான் என்னையும் உன் தம்பியையும் வைத்துக்கொண்டு அதைச் சொன்னாய். "நான் போனப்புறம் இதை நிறுத்தி வச்சு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தாதீங்க. யாராவது ஓட்டணும்." யார் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, உன் தம்பியும் கேட்கவில்லை. யாருக்கு அப்போது அதைக் கேட்கத் தோன்றும்?

நீ போய்ச் சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை சும்மா இருக்காமல், வண்டியைத் துடைத்துவிட்டு வரலாம் என்று உன் வீட்டுக்குப் போனேன். கைலியை விலக்கினேன். அந்த எலுமிச்சை வாசம் மூக்கில் ஏறியது. சீட் முழுவதும் மினுமினுத்தது. தோல் எது வினைல் எது என்று தெரியாத அளவுக்கு உன் தம்பி ஸ்பிரே அடித்திருந்தான். கை வைத்தால் வழுக்கியது. தோல் பாதி அதைக் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. டேஷ்போர்டுக்கு அடிக்கிறதை உன் சீட்டுக்கு அடித்திருக்கிறான்.

உன் தம்பி வெளியே வந்தான். என்னடா செய்து வைத்திருக்கிறாய் என்று கத்தினேன். படம் எடுத்துப் போடுவதற்காகக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கினேன் என்றான். காஜாங்கில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். விற்கவா போகிறாய் என்று கேட்டேன். நான் பேசிய மற்றதையெல்லாம் இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும் நான் எப்போதாவதுதான் பேசுவேன், பேசினால் நிறுத்த மாட்டேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றான். கடைசியில் மெல்லச் சொன்னான்.

"அக்கா சொன்னதைத்தான்க்கா செய்றேன். யாராவது ஓட்டணும்னு சொன்னுச்சு. இங்க யார் ஓட்டுறா? எனக்கு மோட்டாரே ஓட்ட வராது. காஜாங்காரர் ஓட்டுவாரு."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உன் பேச்சை அவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நானோ உன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. நான் யோசித்துச் சொன்னேன் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை.

"நான் ஓட்டுறேன்" என்றேன்.

அவன் சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டான். கார் லைசென்ஸ்தான் இருந்தது. பின்னால் உட்கார்ந்து போனதைத் தவிர பைக்கோடு எனக்கு எந்த உறவும் இல்லை. என் வயதையும் அவன் யோசித்திருப்பான், மரியாதைக்குக் கேட்கவில்லை. "நிறுத்தி வச்சுத் தொடைச்சுக்கிட்டே இருக்கறதுக்குன்னா தர மாட்டேன்க்கா. அதுக்கு நானே வச்சுக்குவேன். தீபாவளிக்குள்ள ஓட்டிக் காட்டுங்க, உங்களுக்குத்தான். இல்லேன்னா காஜாங்குக்குக் குடுத்துடுவேன் லா" என்றான். காஜாங்காரருக்கு என் முன்னாலேயே போன் போட்டுப் பொறுத்திருக்கச் சொன்னான். பிறகு ஸ்பேனரை எடுத்துவந்து சீட்டைக் கழற்றி, சுத்தம் செய்கிறதற்காக என் கார் பின்சீட்டில் வைத்தான். ஸ்பிரே அடித்தது தப்புத்தான் என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

சீட்டோடு வீட்டுக்குள் நுழைந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். விழுந்தால் என்ன செய்வாய் என்றார். "எந்திரிப்பேன்" என்றேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது அது, எனக்கு அப்படி நறுக்கென்று சொல்ல வராது என்று சொன்னேனே. அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் அவரே போய்ப் பயிற்சிப் பள்ளியில் விசாரித்துவிட்டு வந்தார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் உனக்கு மோட்டார் கேட்கிறதா என்று கோயில் வாசலில் வைத்துக் கேட்டார்கள். பெரிய பைக்கில் போய் விழுந்தால் யார் பார்ப்பது என்றார்கள். செத்துப்போனவள் வண்டி வீட்டுக்கு ஆகாது என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்கு மட்டும் நின்று பதில் சொன்னேன். என் கூட்டாளி உயிரோடு இருந்தபோது நீங்கள் யாரும் அவளுக்கு ஆகவில்லை, இப்போது வண்டி ஆகாதா என்று கேட்டேன். அதன் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. நல்லதாகப் போயிற்று.

முதலில் சீட். வினைல் பாதி இரண்டு குளியலில் தெளிந்துவிட்டது. நீ சொன்னபடி சோப்பு, பல்துலக்கி, நல்ல தண்ணீர். வழுக்கல் போய்ப் பழைய சொரசொரப்பு வந்தது. தோல் பாதிதான் என்னை அழவைத்தது. பிழிந்த துணியால் துடைப்பேன், நிழலில் காய விடுவேன், மறுபடி துடைப்பேன். ஒவ்வொரு முறையும் துணியில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், வாசம் மட்டும் அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் அப்படியே நடந்தது. பிசுக்கு வருவது நின்ற பிறகு கிரீமை எடுத்தேன். பழக்கப்படி கையில் துணியைச் சுற்றினேன். துணி கிரீமைத் தானே குடித்துக்கொண்டது, தோலுக்குப் போய்ச் சேரவில்லை. விரல் சூட்டில்தான் அது இறங்கும் என்று நீ சொல்வாய். துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெறும் கையை வைத்தேன்.

இடது பக்கம் லேசாகப் பள்ளமாக இருந்தது. வண்டி நிற்கும்போதெல்லாம் இடது காலைத்தான் நீ ஊன்றுவாய். கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலுக்குத்தான் தெரிந்தது. வருடக்கணக்காக நீ உட்கார்ந்து உட்கார்ந்து அந்தத் தோல் உன் கனத்துக்குப் படிந்துவிட்டது. எனக்கு அடக்க முடியவில்லை. உன் சாவு வீட்டில் அழாத அழுகையெல்லாம் அங்கே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே தடவினேன். கண்ணீர் விழுந்த இடத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன் என்றால் நம்புவாயா?

பயிற்சிப் பள்ளியில் என்னோடு வந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள். ஆசிரியர் என்னைப் பார்த்ததும், மகனையா மகளையா சேர்க்க வந்தீர்கள் என்று கேட்டார். அங்கே தீத்தி என்று ஒன்று இருக்கிறது. ஒரு பலகை அகலத்துக்கு மேடு, அதன்மேல் கீழே இறங்காமல் மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். வேகமாகப் போனால் சுலபம், மெதுவாகப் போவதில்தான் பரீட்சையே இருக்கிறது. நான் அதிலிருந்து எத்தனை முறை விழுந்தேன் என்று கேட்காதே. முழங்கால் இரண்டிலும் காயம். கீழே பார்க்காதீங்க ஆன்டி, போகிற இடத்தைப் பாருங்க என்று ஆசிரியர் கத்துவார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு நான் ஏறும்போதெல்லாம் ஓரத்தில் வந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார்கள். முதல் பரீட்சையில் தோற்றேன். யாருக்கும் சொல்லாமல் இருக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் எல்லோருக்கும் சொன்னேன், மறுபடியும் எழுதிப் போட்டேன் என்பதையும் சேர்த்து. இரண்டாவது முறை தீத்தியின் கடைசி முனை வரை போய்ச் சேர்ந்தேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் சீட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். லைசென்ஸைக் காட்டினேன். உன் தம்பி அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். சீட்டைப் பொருத்தினான். பொருத்திவிட்டு, முன்பாதியை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்தச் சீன அங்கிளின் குஷன் கடை இன்னும் இருக்கிறது, முன்னால் உள்ள தோலை எடுத்துவிட்டு வினைல் போட்டுக்கொள்ளலாம், நீங்கள்தான் அதில் உட்கார மாட்டீர்களே, இன்றைக்கே போட்டு வாங்கித் தருகிறேன் என்றான். நல்ல மனதோடு சொன்னது அது. என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தார். வினைல் போட்டால் என் கொள்கைக்கும் பங்கமில்லை, வண்டியும் என்னுடையது. உன் பள்ளம் மட்டும் குப்பைக்குப் போகும்.

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து காத்துவந்த ஒன்றை அந்த ஒரு நொடியில் தாண்டினேன். எனக்கு அது சின்ன விஷயமில்லை, சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் இன்றும் சைவம்தான், நாளைக்கும் சைவம்தான். அந்தப் பழைய கடிகாரப் பட்டையை மாற்றித் துணிப்பட்டை போட்டு எத்தனையோ காலமாகிறது. இந்த ஒரு தோலை மட்டும் நான் விடமாட்டேன். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையே என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்த சீட்டும்தான் பொருந்தவில்லை, அதில் உட்கார்ந்துதான் நாம் இத்தனை வருடம் போய் வந்தோம்.

வண்டி உறுமியது. உன் தம்பி ஒதுங்கி நிற்பான் என்று நினைத்தேன். அவன் உள்ளே போய் உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா பின்னாடி நான் ஒரு தடவகூட உக்காந்ததில்லக்கா. பொம்பள ஓட்டி ஆம்பள பின்னாடி போறதான்னு கூச்சம். அது எத்தனையோ தரம் கூப்டுச்சு" என்றான்.

நான் தலையைப் பின்பக்கம் அசைத்தேன். அவன் ஏறி உட்கார்ந்தான். முதலில் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான், தெருமுனை திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தீபாவளிக் கூட்டம். சாலையின் இரண்டு பக்கமும் பந்தல் கடைகள், முறுக்கு, துணிமணி, காதைக் கிழிக்கிற பாட்டு. சிவப்பு விளக்கில் நின்றேன். இடது காலை ஊன்றினேன். பூக்கடையில் உன் தம்பிக்குத் தெரிந்த ஒருவர் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னப்பா, அக்காவ ஓட்ட விட்டுட்டு நீ பின்னாடி சொகுசா உக்காந்துட்ட" என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார். நாலு பேர் திரும்பினார்கள்.

உன் தம்பி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான்.

"அக்கா மோட்டாரு. அக்காதான் ஓட்டும்" என்றான்.

எந்த அக்காவைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. பச்சை விழுந்தது. போனேன்.